இ.ஜி.ஆர். வால்வு போயிடுச்சுன்னு சொன்னாங்களா? பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்குப் பேசப்போறது நிறைய பேர் மெயில்ல கேட்ட விஷயம். பழைய கார், செக் இன்ஜின் லைட் எரியுது, பிக்கப் இல்லை, மெக்கானிக் பார்த்துட்டு "இ.ஜி.ஆர். போயிடுச்சு"ன்னு சொல்லிட்டார். இப்ப என்ன பண்றது?

இதே கேள்வியோட நானும் ஒரு மாசம் அலைஞ்சேன். அப்பா ஓட்டின 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக், இப்ப என் கையில. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. ஒருநாள் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி முனகுது, ஏறல. கண்ணாடியில பார்த்தா பின்னாடி கரும்புகை. பைக்ல வந்தவர் மூக்கைப் பொத்திக்கிட்டு என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, அது இன்னும் மறக்கல.

ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஸ்கேனர் போட்டாங்க, ஒரு எரர் கோடு வந்தது. "வால்வு மாத்தணும் சார், லேபரோட 22,000 ஆகும்." இன்னொரு இடத்துல, "அதெல்லாம் எதுக்கு சார், ஒரு தகடு வெச்சு அடைச்சிடலாம், 500 ரூபா கொடுங்க போதும்." 22,000-க்கும் 500-க்கும் நடுவுல நான் நின்னேன். கடைசியில ரெண்டுமே தப்பான பதில்னு தெரிஞ்சது. எப்படின்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த வால்வு என்ன வேலை பார்க்குதுன்னு தெரியணும்.

புகையைத் திரும்ப உள்ளே அனுப்புறது எதுக்கு?

நாம சுவாசிக்கிற காற்றுல 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமா அது யார் வம்புக்கும் போகாது. ஆனா சிலிண்டருக்குள்ள எரியும்போது சூடு சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமா சேர ஆரம்பிச்சிடும். அப்படி உருவாகிறதுதான் நைட்ரஜன் ஆக்சைடுகள், சுருக்கமா நாக்ஸ். நுரையீரலுக்கு நேரடியாக் கெடுதல். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு ரொம்ப மோசம். வெயில்ல மத்த வாயுக்களோட சேர்ந்து தரைமட்டத்துல ஓசோனையும் உண்டாக்கும்.

இதைக் குறைக்க இன்ஜினியர்கள் கண்டுபிடிச்ச வழி கொஞ்சம் வேடிக்கையானது. ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச புகையில ஒரு பங்கை எடுத்து, மறுபடியும் இன்டேக்ல விடுறது. அந்தப் புகையில ஆக்சிஜன் கம்மி, எரியவும் எரியாது. சும்மா உள்ளே உட்கார்ந்து சூட்டை உறிஞ்சிக்கும். எரியும் வெப்பம் இறங்கும், நாக்ஸ் குறையும். எவ்வளவு புகை, எப்ப உள்ளே போகணும்னு முடிவு பண்ற கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும். பெட்ரோல் காரும் டீசல் காரும் இந்தக் கதவைத் திறக்கிற நேரம் வேற வேற. பெட்ரோல்ல ஐடிலிங்ல கதவு மூடியிருக்கும், மிதமான வேகத்துல திறக்கும், முழுசா மிதிச்சா மறுபடி மூடிக்கும். டீசல்ல பெரும்பாலும் ஐடிலிங்லயே திறந்திருக்கும். நல்லா மிதிச்சு லோடு ஏறினா மூடிக்கும், ஏன்னா அப்ப இன்ஜினுக்கு முழு ஆக்சிஜனும் வேணும்.

அப்ப டீசல் காரை நாள் முழுக்க டிராஃபிக்ல உருட்டினா என்ன ஆகும்? கதவு பெரும்பாலான நேரம் திறந்தே இருக்கும். புகையில இருக்கிற கரி ஒரு பக்கம். இன்ஜினுக்கு அடியில இருந்து இன்டேக்குக்கு வர்ற ஆயில் ஆவி இன்னொரு பக்கம். ரெண்டும் கலந்து தார் மாதிரி ஒட்டும். வடபழனி சிக்னல்ல அரை மணி நேரம் நிக்கிற வண்டியோட வால்வைக் கழட்டிப் பார்த்தீங்கன்னா, அடுப்புல அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை ஜி.எஸ்.டி. ரோட்டுல சூடேற ஓடுற வண்டிக்கு இந்தத் தொல்லை கம்மி.

திறந்தபடி மாட்டிக்கிச்சா, மூடியபடியா?

வால்வு கெட்டுப்போச்சுன்னு சொன்னா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ரெண்டுக்கும் அறிகுறி நேர் எதிர்.

பெட்ரோல் கார்ல திறந்தபடி மாட்டிக்கிட்டா, ஐடிலிங் ஆடும். சிக்னல்ல நிக்கும்போது வண்டி நடுங்கும், சில சமயம் அணைஞ்சே போயிடும். ஆனா ஹைவேயில ஏறிட்டா பெருசா ஒண்ணும் தெரியாது. என் நண்பரோட பழைய பெட்ரோல் செடானுக்கு இதேதான் ஆச்சு. ஸ்பார்க் பிளக் மாத்தினார், ஃப்யூயல் பம்ப்பை சந்தேகப்பட்டார், பெட்ரோல் பங்க்கைக்கூடத் திட்டினார். கடைசியில பார்த்தா வால்வோட வாய்ல ஒரு கார்பன் துண்டு மாட்டி, கதவு மூட முடியாம நின்னிருந்தது. கடுகு அளவுதான் இருக்கும்.

பெட்ரோல்ல மூடியபடி மாட்டிக்கிட்டா ஐடிலிங் அழகா இருக்கும். ஆனா மேடு ஏறும்போது, மிதமா மிதிக்கும்போது "கிளிங் கிளிங்"னு ஒரு சத்தம் வரலாம். மெக்கானிக்குகள் நாக்கிங்னு சொல்றது இதைத்தான். சிலிண்டருக்குள்ள சூடு கூடிப்போனதால வர்றது.

டீசல்ல திறந்தபடி மாட்டிக்கிட்டா பிக்கப் போகும், கரும்புகை வரும். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்துல பழைய புகை உட்கார்ந்திருக்கு, போட்ட டீசல் முழுசா எரியாது, கரியா வெளியே வரும். டீசல்ல மூடியபடி மாட்டிக்கிட்டா? செக் இன்ஜின் லைட்டைத் தவிர உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. வண்டி நல்லாவே ஓடும், சிலருக்கு முன்னைவிட நல்லா ஓடுற மாதிரிகூடத் தோணும். அந்த 500 ரூபா தகடு இவ்வளவு பிரபலமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

கோடு என்ன சொல்லுது, என்ன சொல்லல

இந்தியாவுல பி.எஸ். 4 விதிகள் 2010 ஏப்ரல்ல சென்னை உள்பட சில பெரிய நகரங்களுக்கு வந்தது. 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க. அந்த விதிகளோடதான் வண்டியே தன்னைத்தானே கண்காணிக்கிற ஓ.பி.டி. வசதியும் கட்டாயம் ஆச்சு. அதனால உங்க கார் 2010-க்கு அப்புறம் வந்ததா இருந்தா, ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் அநேகமா இருக்கும். அதுல செருகுற ப்ளூடூத் கருவி ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. மொபைல்ல ஒரு ஆப் போட்டா போதும், ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் காட்டுறதுல முக்கியமானதை நீங்களே பார்க்கலாம்.

இ.ஜி.ஆர். சம்பந்தமான கோடுகள் பி 0400-ல இருந்து ஆரம்பிக்கும். அடிக்கடி வர்றது பி 0401, அதாவது எதிர்பார்த்த அளவு புகை ஓட்டம் இல்லை. பி 0402-ன்னா ஓட்டம் அளவுக்கு மேல. 0403 வந்தா ஒயரிங் அல்லது சர்க்யூட். 0404 வந்தா வால்வு சொன்ன இடத்துக்குப் போகல. 0405, 0406 ரெண்டும் அதோட சென்சார்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, பி 0401 "வால்வை மாத்து"ன்னு சொல்லவே இல்லை. "ஓட்டம் கம்மி"ன்னு மட்டும்தான் சொல்லுது. குழாய் அடைச்சிருந்தாலும் அதே கோடு வரும், வேக்வம் ஹோஸ் கிழிஞ்சிருந்தாலும் அதே கோடு வரும், ஓட்டத்தை அளக்கிற சென்சார் பொய் சொன்னாலும் அதே கோடு வரும்.

எனக்கு வந்தது இந்த பி 0401 தான். இங்கதான் எனக்கு உறுத்துச்சு. ஓட்டம் கம்மின்னா கதவு மூடியிருக்குன்னு அர்த்தம். டீசல்ல கதவு மூடியிருந்தா கரும்புகை வரக்கூடாதே? பிக்கப் போகக்கூடாதே? கோடு ஒண்ணு சொல்லுது, புகை வேற ஒண்ணு சொல்லுது. 22,000 கேட்டவர் கோடை மட்டும் பார்த்தார். 500 கேட்டவர் புகையை மட்டும் பார்த்தார்.

வீட்டு வாசல்லயே பண்ணக்கூடிய சோதனை

முதல்ல கண்ணால பாருங்க. ஏர் ஃபில்டர் அழுக்கா? கனெக்டர் லூஸா? எலி கடிச்சிருக்கா? சிரிக்காதீங்க, பார்க்கிங்ல ரெண்டு வாரம் நின்ன வண்டிக்கு இது சாதாரணம். வேக்வத்தால இயங்குற வால்வுன்னா அந்தச் சின்ன ரப்பர் ஹோஸை விரலால வளைச்சுப் பாருங்க. நம்ம ஊர் சூட்டுக்குப் பத்து வருஷத்துல ரப்பர் முறுக்கு மாதிரி உடையும்.

வேக்வம் வால்வா இருந்தா ஒரு அழகான சோதனை இருக்கு. கையால இயக்குற வேக்வம் பம்ப்பை வால்வோட ஹோஸ் முனையில மாட்டணும். பெட்ரோல் கார்ல, இன்ஜின் ஐடிலிங்ல ஓடும்போது பம்ப் பண்ணா, கதவு திறந்து இன்ஜின் தடுமாறணும், இல்லன்னா அணையணும். அணைஞ்சா சந்தோஷப்படுங்க, வால்வும் வழியும் நல்லா இருக்கு, பிரச்சினை அதை இயக்குற பக்கத்துல. கதவு அசையிறது தெரியுது, ஆனா இன்ஜின் கண்டுக்கவே இல்லைன்னா, வழி கரியால அடைச்சிருக்கு. பம்ப் பண்ண வேக்வம் நிக்காம இறங்கிக்கிட்டே இருந்தா, உள்ளே டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். சில மாடல்கள்ல எக்ஸாஸ்ட் அழுத்தம் வந்தாதான் வேக்வம் நிக்கும், அதனால உங்க வண்டியோட சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எலக்ட்ரானிக் வால்வுக்கு மல்டிமீட்டர். பல வண்டிகள்ல ஐந்து ஒயர் வரும். ரெண்டு மோட்டாருக்கு. மிச்சம் மூணு, கதவு எங்கே இருக்குன்னு சொல்ற சென்சாருக்கு: ஒண்ணுல 5 வோல்ட், ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். கனெக்டரைக் கழட்டி, இக்னிஷன் ஆன் பண்ணி, 5 வோல்ட் வருதான்னு பாருங்க. வரலைன்னா புது வால்வு போட்டும் பிரயோஜனம் இல்லை, கோளாறு ஒயரிங்லயோ இ.சி.யு.லயோ இருக்கு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. காசே ஆகாது. டீசல் கார் வெச்சிருக்கிறவங்க நல்லாக் கேளுங்க.

டீசல் இன்ஜினுக்குள்ள எவ்வளவு புதுக் காற்று போகுதுன்னு அளக்க, ஏர் ஃபில்டருக்குப் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கும். மொபைல் ஆப்ல அந்த அளவு விநாடிக்கு இத்தனை கிராம்னு தெரியும். இப்ப ஒரு கணக்கு. 1.3 லிட்டர் இன்ஜின், நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணும் 0.325 லிட்டர். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். அப்ப ஒரு சிலிண்டர் ஒரு தடவை உறிஞ்சினா 0.39 கிராம். இன்ஜின் நிமிஷத்துக்கு 850 சுத்து சுத்துது, ஒரு சுத்துக்கு ரெண்டு சிலிண்டர் உறிஞ்சும், ஆக விநாடிக்கு 28 தடவை. பெருக்கினா சுமார் 11 கிராம். நிஜத்துல சிலிண்டர் முழுசா நிரம்பாது, அதனால இதைவிடக் கொஞ்சம் குறைவா வரும். இது இ.ஜி.ஆர். மூடியிருக்கும்போது வர வேண்டிய அளவு. கதவு திறந்தா, சிலிண்டர்ல ஒரு பங்கு இடத்தைப் பழைய புகை பிடிச்சுக்கும், புதுக் காற்று தெளிவாக் கீழே இறங்கும்.

அதனால, வண்டி நல்லா சூடானதும் ஐடிலிங்ல அந்த எண்ணைப் பாருங்க. அப்புறம் இ.ஜி.ஆர். கனெக்டரை, இல்ல வேக்வம் ஹோஸைக் கழட்டுங்க. பெரும்பாலான வால்வுகள் ஸ்பிரிங்கால தானா மூடிக்கும். எண் குதிச்சு மேலே போனா, வால்வு திறக்குது, மூடுது, வழியும் தெளிவா இருக்கு. அசையவே இல்லையா? எண் ஏற்கனவே கணக்குக்குப் பக்கத்துல உயரமா இருந்தா மூடியபடி மாட்டியிருக்கு, தாழ்வாவே நின்னா திறந்தபடி மாட்டியிருக்கு. சில வண்டிகள் ரொம்ப நேரம் ஐடிலிங்ல விட்டா அதுவாவே வால்வை மூடிடும், அப்படித் தோணினா ஒரு தடவை ஆக்சிலேட்டரைக் கொடுத்துட்டு மறுபடி பாருங்க. கனெக்டர் கழட்டினதால ஒரு புதுக் கோடு விழும், பயப்படாதீங்க, அப்புறம் அழிச்சிடலாம்.

என் வண்டியில ஐடிலிங்ல 6 காட்டுச்சு. கனெக்டரைக் கழட்டினதும் 9-ஐத் தாண்டுச்சு. வால்வு நல்லா இருக்கு! 22,000 ரூபா வால்வு, குத்துக்கல்லு மாதிரி இருக்கு!

அப்ப கரும்புகை எங்கிருந்து?

தெருமுனையில ஒரு பழைய மெக்கானிக் இருக்கார். ஸ்கேனரும் கிடையாது, ஏசி வெயிட்டிங் ரூமும் கிடையாது. "அண்ணே, வால்வு நல்லாத்தான் இருக்கு, ஆனா புகை அடங்க மாட்டேங்குது"ன்னேன். அவர் சொன்னார்: "தம்பி, கரும்புகைன்னா காத்து பத்தலைன்னு அர்த்தம். வால்வு காத்தைத் திருடலைன்னா வேற எவனோ திருடுறான். டர்போ ஹோஸைப் பார்த்தியா?"

பார்க்கல. அன்னைக்கு சாயங்காலம் தங்கச்சியைப் பக்கத்து சீட்ல உட்கார வெச்சு, மொபைலை அவகிட்ட கொடுத்து, மேம்பாலம் ஏறினேன். (தனியா ஓட்டிக்கிட்டு இதைப் பார்க்காதீங்க, ப்ளீஸ்.) இன்டேக் அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னேன். வெளிக்காற்றோட அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். டர்போ டீசல்ல முழுசா மிதிச்சா அது எகிறணும். "அண்ணா, 130-ஐத் தாண்டவே மாட்டேங்குது"ன்னா.

இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸோட அடிப்பக்கத்துல ஒரு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தா தெரியாது. கையை விட்டுத் தடவினா எண்ணெய்ப் பிசுக்கு. நின்ன இடத்துல வெடிப்பு மூடிக்கும், டர்போ ஊதினா வாயைத் திறக்கும்.

இப்ப ரெண்டு முரண்பாடும் ஒரே இடத்துல வந்து சேருது. காற்றை அளக்கிற சென்சார் டர்போவுக்கு முன்னாடி இருக்கு. அதைத் தாண்டின காற்று வெடிப்பு வழியா வெளியே போகுது. இ.சி.யு. நினைக்குது, "இவ்வளவு காற்று உள்ளே வருதே, அதுக்கேத்த டீசலைப் போடு." சிலிண்டருக்கு அந்தக் காற்று போய்ச் சேரல. அதனால கரும்புகை, பிக்கப் இல்லை. நிறைய டீசல் கார்கள்ல இ.ஜி.ஆர். ஓட்டத்தையும் இதே சென்சாரை வெச்சுத்தான் இ.சி.யு. கணிக்குது. "புதுக் காற்று எதிர்பார்த்ததைவிட அதிகமா போகுது, அப்ப புகை கம்மியாத்தான் கலக்குது"ன்னு அது முடிவுக்கு வந்து பி 0401 போட்டிருச்சு. பொய் சொல்லல, பாவம். தப்பான தகவலை வெச்சு சரியாக் கணக்குப் போட்டிருக்கு.

புது ஹோஸும் கிளிப்பும் மாட்டினோம். கோடை அழிச்சதும் திரும்ப வரல. கத்திப்பாராவுல வண்டி ஏறுது.

அந்தத் தகடு விஷயம்

தகடு வெச்சு அடைச்சிருந்தா என் பிரச்சினை அப்படியே இருந்திருக்கும். லைட்டும் அணைஞ்சிருக்காது, அதை அணைக்க சாஃப்ட்வேரையும் மாத்தணும்பாங்க. ஆனா உண்மையிலேயே வால்வு கெட்டவங்களுக்குத் தகடு வேலை செய்யும், அதுதான் அதோட ஆபத்து. புகை குறையும், பிக்கப் வரும், பி.யு.சி. சோதனையிலயும் பாஸ் ஆகும். ஏன்னா நம்ம பி.யு.சி.யில டீசலுக்குப் புகையோட அடர்த்தியையும், பெட்ரோலுக்குக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் பார்க்கிறாங்க. நாக்ஸை அளக்கிறதே இல்லை. கண்ணுக்குத் தெரியிற கறுப்பு போச்சு, தெரியாதது கூடிப்போச்சு.

2015-ல வோக்ஸ்வாகன் மாட்டினதே இந்த நாக்ஸ்லதான். சோதனைக்கூடத்துல ஒழுங்கா நடிச்சு, ரோட்டுல கட்டுப்பாட்டைத் தளர்த்துற சாஃப்ட்வேர், உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்ல. அந்தக் கம்பெனியைத் திட்டினவங்கள்ல பல பேர் இங்க 500 ரூபாய்க்கு அதே வேலையைத் தங்க வண்டியில பண்ணிக்கிறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-படி, மாசு விதியை மீறின வண்டியை ஓட்டினா 10,000 ரூபா வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, லைசென்ஸும் மூணு மாசத்துக்குப் போகும். பிடிக்கிறாங்களான்னு கேட்பீங்க. அதுக்கு நான் பதில் சொல்லலை. ஆனா ஸ்கூல் வாசல்ல நிக்கிற யு.கே.ஜி. பிள்ளையோட மூக்கு, நம்ம மூக்கைவிட சைலன்சருக்குப் பக்கத்துல இருக்கு.

உங்க சோதனையில வால்வுதான் குற்றவாளின்னு தெரிஞ்சா, உடனே புதுசு வாங்காதீங்க. முதல்ல சுத்தம் பண்ணிப் பாருங்க. இன்ஜின் ஆறின அப்புறம் பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, வால்வை எடுத்து, கார்பன் கிளீனர் ஸ்ப்ரேயில ஊற வெச்சு, பிரஷ்ஷால தேய்க்கணும். மோட்டார் பக்கம் ஸ்ப்ரே படக்கூடாது. கதவை ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக்கா இருக்கலாம். மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீங்க. சில வண்டிகளுக்கு ஸ்கேனர்ல புது மூடும் நிலையைக் கத்துக்கொடுக்கவும் வேணும், அதை முதல்லயே கேட்டுக்கோங்க. புதுப்பேட்டையில பழைய வால்வு மலிவாக் கிடைக்கும், ஆனா இன்னொருத்தர் வண்டியில கரி பிடிச்சதைத்தான் காசு கொடுத்து வாங்குறீங்க.

ஒண்ணே ஒண்ணு, இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. கூலன்ட் அளவு இறங்கிக்கிட்டே வருது, தரையில ஒரு சொட்டுகூட இல்லை, சூடான அப்புறமும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா, இ.ஜி.ஆர். கூலர் உள்ளுக்குள்ள கசியலாம். ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே அறிகுறிதான். எதுவா இருந்தாலும் அது வாசல்ல பார்க்கிற வேலை இல்லை. வண்டியை ஓட்டாம மெக்கானிக்கை வரச்சொல்லுங்க.

டர்போ ஹோஸ் கதையைக் கேட்டதும் தங்கச்சி, "டர்போன்னா என்னன்னே தெரியாம நம்பர் படிச்சேன்"ன்னா. அடுத்த வாரம் அவளுக்காக டர்போ எபிசோட். பார்க்கலாம் மக்களே.